அருவி மேல் போட்ட பழி

சீசன் முடிந்துவிட்டது. லாட்ஜுப் போர்வைகளெல்லாம் துவைத்து குற்றாலத்தை அடுத்த இலஞ்சி வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. சாரல் அடிக்கிற மூன்று மாதமும் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்க வரும். அங்கே லாட்ஜ் நடத்துகிற பாண்டியராஜ் வீட்டுக்குத் தலை துவட்டக்கூட நேரம் இருக்காது. அதனால் அவர்களுக்கு செப்டம்பரில்தான் விடுமுறை. அருவிக்காரர்கள் கடலுக்குப் போவார்கள்.

இந்த வருடம் மணப்பாட்டுக் கடற்கரையில் மூன்று நாள். திட்டம் முழுக்க நாச்சியாருடையது. பாண்டியராஜின் தங்கை, கல்லூரியில் இரண்டாம் வருடம். இரண்டாவது நாள் காலையில் கடலில் கயாக் ஓட்டுவதென்று முடிவு செய்திருந்தாள். நீளமாய், ஒடுக்கமாய் இருக்கிற துடுப்புப் படகு. அண்ணனும் அவன் பெண்டாட்டி முத்துசெல்வி மைனியும் ஒன்றில், அவள் தனியாக ஒன்றில், அம்மா செண்பகவல்லி கரையில் பையைப் பார்த்துக்கொள்வாள். ஒரு மாதமாக அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

படகு ஓட்டக் கூட்டிப்போகிற ஜெபஸ்டின் செல்போனில் ஒரு படிவம் அனுப்பியிருந்தான். பெயர், வயது, எடை, நீச்சல் தெரியுமா. கடைசியில் ஒரு கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் காது, தோள், எலும்பு எதிலாவது அடிபட்டதுண்டா? நாச்சியார் அதை வாய்விட்டுப் படித்தாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முத்துசெல்வி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நாச்சி, என் பேருக்கு ஆமான்னு போட்டுரு."

நாச்சியாருக்குத் தெரியும். ஜூலையில் லாட்ஜ் நிரம்பி வழிந்த ஒரு நாள், தன்னைக் கேட்காமல் யாருக்கோ அறைச் சாவியைக் கொடுத்துவிட்டாள் என்று பாண்டியராஜ் முத்துசெல்வியை இடது காதோடு சேர்த்து அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. தென்காசியில் காது டாக்டர் எப்படி ஆச்சென்று கேட்டபோது, அருவித் தண்ணி வேகமாய்க் காதில் அடித்துவிட்டதென்று செண்பகவல்லி சொன்னாள். பக்கத்தில் நின்ற நாச்சியார் தலையாட்டினாள். அதற்கு முந்தின சீசனில் மணிக்கட்டு உடைந்தது. அது ஐந்தருவிப் பாசியில் வழுக்கியது. புருவத்தில் தையல் போட்டது பழைய குற்றாலத்தில் கல் விழுந்தது. மற்ற ஊர்களில் அடிபட்ட பெண்கள் பாத்ரூமில் வழுக்கி விழுவார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அருவி இருக்கிறது. எத்தனை பழி போட்டாலும் அது வாயைத் திறக்காது.

'ஆமா' என்று போட்டால் ஜெபஸ்டின் விசாரிப்பான். விசாரித்தால் அண்ணன் பொங்குவான். பொங்கினால் கடலும் கிடையாது, கயாக்கும் கிடையாது. நாச்சியார் கணக்குப் பார்த்து 'இல்லை' என்று தொட்டாள்.

"கரையோரமாத்தான் மைனி போவுதோம். கவுறவே கவுறாது" என்றாள்.

முத்துசெல்வி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெபஸ்டின் வீடியோ காலில் வந்தான். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் கரை திரும்பிவிட வேண்டும், வெறும் வயிற்றோடு வரக் கூடாது, லைஃப் ஜாக்கெட்டின் வார்களை அவனே இழுத்துக் கட்டுவான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். படகு கவிழாதில்லையா என்று செண்பகவல்லி கேட்டாள்.

"கவுறாதுன்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்மா. பழகட்டும்னு மொதல்ல நானே எல்லாரையும் ஒரு தடவ கவுத்து விடுவேன். பயம் போயிரும்லா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "ஒண்ணு மட்டும் மறைக்காதிய. காது ஜவ்வுல ஓட்ட இருந்தா சொல்லிருங்க. குளுந்த தண்ணி உள்ள போனா தல சுத்தி, மேல எது கீழ எதுன்னு தெரியாது. ஜாக்கெட் போட்டிருந்தாலும் தண்ணியக் குடிச்சே போயிருவாங்க."

"எங்க வீட்ல எல்லாருக்கும் காது பாம்புக் காது தம்பி" என்றான் பாண்டியராஜ்.

படிவத்தில் தான் தொட்ட 'இல்லை' நாச்சியாரின் கண்முன் வந்து நின்றது. சொல்ல வேண்டியவள் அவள்.

முத்துசெல்வி சொன்னாள். "எனக்கு எடது காதுல ஓட்ட இருக்கு தம்பி."

"எப்படிக்கா?"

"அருவியில—" என்று செண்பகவல்லி முந்தினாள்.

"அருவி இல்ல. இவுக அடிச்சது."

சொம்பு பறந்தது. தண்ணீரோடு போன் தரையில் உருண்டது. பாண்டியராஜ் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. வாய் கிழிந்து சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் இழுத்துக்கொண்டு போனது. கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டாள். சுருண்ட முதுகில் உதைத்தான்.

"எவன்கிட்டட்டி என் மானத்த விக்க?" ஒவ்வொரு உதைக்கும் அதையே கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

செண்பகவல்லி எழுந்து ஓடினாள். மகன் கையைப் பிடிக்க அல்ல. ஜன்னலைச் சாத்தினாள், வாசல் கதவுக்குத் தாழ் போட்டாள், டிவி சத்தத்தைக் கூட்டினாள். பழகின கை.

நாச்சியாரும் பாய்ந்தாள். மைனியிடம் அல்ல, போனிடம். தரையிலிருந்து ஜெபஸ்டின், அடிக்காதிய அண்ணாச்சி என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் விரல் அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அங்கேதான் அவளுக்கு உறைத்தது. அம்மா கை தாழ்ப்பாளில், தன் கை சிவப்புப் பொத்தானில். அண்ணனுக்கு இரண்டு கை என்றா இத்தனை நாளும் நினைத்தோம்? ஆறு கை.

அவள் துண்டிக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மைனியின் மேல் விழுந்தாள். அடுத்த உதை அவள் விலாவில் இறங்கியது. மூச்சு நின்று வந்தது. இவ்வளவு வலியை மூன்று வருடமாய்ப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்திருக்கிறோம் என்று நினைத்தாள். தவழ்ந்து போய்த் தாழை இழுத்தாள். அம்மா தடுத்தாள். மகள் தாயைத் தள்ளினாள். கதவு திறந்தது.

முத்துசெல்வியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள். பாண்டியராஜ் வாசற்படியோடு நின்றுவிட்டான். தெருவில் அவன் மரியாதைக்காரன். தெருவில் அவன் கை நீளாது. எதிர்வீட்டு மாடக்கண்ணு ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்டோவை எடுத்தார். ஓடி வந்து செண்பகவல்லியும் ஏறிக்கொண்டாள்.

தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டர் இளம்பெண். விபத்துப் பதிவேட்டை விரித்துக்கொண்டு எப்படி அடிபட்டதென்று கேட்டார். முத்துசெல்விக்கு உதடு வீங்கிப் பேச வரவில்லை.

"மாடியில போர்வ எடுக்கப் போனவ படியில தவறி—" செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

"அம்மா, வாய மூடு." நாச்சியார் விலாவைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். "எங்க அண்ணன் பாண்டியராஜ் அடிச்சான் டாக்டர். காதையும் அவன்தான் கிழிச்சான், கையையும் அவன்தான் ஒடச்சான். அருவின்னு சொன்னது நாங்க. காது நல்லாருக்குன்னு எழுதி இவள நாளைக்கழிச்சுக் கடல்ல கவுக்க இருந்தது நான். அதயும் எழுதுங்க."

டாக்டர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"ஒரு பொம்பளைய ஒருத்தன் மட்டும் அடிச்சுக் கொல்ல முடியாது டாக்டர். பக்கத்துல நின்னு பொய் சொல்ல வீட்ல ஆள் வேணும். பொய் சொல்லுத ஆளும் அடிக்கிற ஆள்தான்."

டாக்டர் எழுதினார். போலீசுக்குத் தகவல் போகும், நேரில் பார்த்த சாட்சி வேண்டியிருக்கும் என்றார். நாச்சியார் தன் பெயரையும், போனில் கேட்டுக்கொண்டிருந்த ஜெபஸ்டின் பெயரையும் சொன்னாள். வீட்டில் வேறு யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார்.

செண்பகவல்லி வெகுநேரம் மருமகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகன். லாட்ஜ். ஊர் என்ன சொல்லும். எல்லாம் அவள் முகத்தில் வந்து போயின. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"செண்பகவல்லி" என்றாள். "அவனப் பெத்தவ. நானும் பாத்தேன். எழுதிக்கோங்க."