காரணம் குறிப்பிடப்படவில்லை

அலுவலகத்தில் எனக்குச் சட்டப்புத்தகம் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம் என்று அவர்கள் நினைப்பு. எனக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும்கூட. உயிரியல் ஆராய்ச்சிக்கு அரசு ஒதுக்கும் நிதி எங்கள் வாரியத்தின் வழியாகத்தான் போகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பன்னிரண்டு விஞ்ஞானிகள் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்தக் குழுவுக்கு நான் செயலாளர். சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் அதைத் திறக்கக்கூடாது, அது பேசப்படும்போது அறைக்குள் இருக்கக்கூடாது என்ற விதியை எழுதியவனே நான்தான்.

இந்த வருடம் என் தங்கை விண்ணப்பித்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது, ஆய்வகத்தில் நாலு பேருக்குத் தலைவி. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். விரல் நீள மீன்களை வளர்க்கிறாள். கண் கெட்டுப்போனாலும் சில வாரங்களில் அந்த மீனுக்குப் பார்வை திரும்பிவிடும். அது எப்படி, மனிதருக்கும் ஆகுமா என்பதுதான் பல வருடங்களாக அவள் கேள்வி. நிதி நின்றால் மீன்களை வைத்திருக்கும் அனுமதியும் நின்றுவிடும். முப்பது நாளுக்குள் கொன்றாக வேண்டும். அதுவும் எங்கள் வாரியத்தின் விதிதான்.

விண்ணப்பங்கள் வந்ததும் விட்டுப்போனதைத் தேடுவது என் முதல் வேலை. விஞ்ஞானிகளைப் போலப் படிவம் நிரப்பத் தெரியாத ஜனம் உலகத்தில் கிடையாது. கையெழுத்தை மறப்பார்கள், பக்கத்தையே மறப்பார்கள். ‘ஆய்வில் இடைவெளி இருந்தால் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. கட்டாயமில்லை என்பதால் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன், கூப்பிடுவேன்.

“சார், ரெண்டு வருஷமா ஒண்ணுமே வெளியிடல போல. உடம்பு சரியில்லையா? எழுதுங்க சார், இதுல என்ன வெக்கம்?”

இந்த முறை மட்டும் ஒன்பது பேரைக் கூப்பிட்டேன், முன்பின் தெரியாதவர்களை. பாப்பாவின் விண்ணப்பத்தை மட்டும் தொடாமல் உதவிச் செயலாளரிடம் தள்ளிவிட்டேன். அவர் வேலைக்குப் புதிது. கட்டாயமில்லாத கட்டத்துக்காக யாரையும் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்.

குழு கூடிய அன்று, அவள் விண்ணப்பத்தின் எண்ணை வாசித்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன். கொஞ்சம் சத்தமாகவே தள்ளினேன் என்று இப்போது தோன்றுகிறது. “இவர மாதிரி நாலு பேர் இருந்தா போதும்” என்றார் குழுத் தலைவர். தாழ்வாரத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பதினொரு நிமிடம் நின்றேன். என் கை சுத்தம் என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டு நின்றேன். சொல்லவே கூசுகிறது.

திரும்பி உள்ளே போனபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டுப் பேருக்குத்தான் நிதி. பாப்பா ஒன்பதாவது.

மறுநாள் நடவடிக்கைக் குறிப்பு என் மேஜைக்கு வந்தது. முடிவான பிறகு நான் படிக்கலாம், விதி தடுக்கவில்லை. ‘அறிவியல் மிகச் சிறப்பு. ஆனால் நடுவில் பதினான்கு மாதம் எந்தப் பணியும் இல்லை. காரணம் குறிப்பிடப்படவில்லை. தொடர்ந்து ஈடுபடுவாரா என்பது ஐயம்.’

காரணம் எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது பாப்பா என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

“அண்ணா, நாம ரெண்டு பேரும் மாறி மாறிப் பாத்துக்கலாமா?”

“இது குழு கூடுற நேரம் பாப்பா. இப்ப லீவு கேட்டா நல்லா இருக்காது.”

குழு வருடத்துக்கு மூன்றே தடவைதான் கூடும். பதினான்கு மாதமும் அதே பதிலைச் சொன்னேன். மீன்களுக்குத் தீனி போடுவதை மாணவர்களிடம் விட்டுவிட்டு, அம்மாவுக்கு ஊட்டியதும் கழுவிவிட்டதும் புரட்டிப் படுக்கவைத்ததும் அவள்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போனேன், விருந்தாளி மாதிரி. அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

இயக்குநரிடம் ஓடினேன். மறுபரிசீலனைக்கு வழி உண்டா என்று கேட்டேன்.

“நடைமுறைல ஏதாவது தப்பு நடந்திருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? நீங்க எழுதின விதிதானே.”

ஒரு தப்பும் நடக்கவில்லை. அத்தனை ஒழுங்காக என் தங்கையைக் கைவிட்டிருந்தோம்.

கெடு முடியும் நாளில் அவள் ஆய்வகத்துக்குப் போனேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தனியாக நின்றிருந்தாள். கண்ணாடித் தொட்டிகளிலிருந்து மீன்களை வலையால் அள்ளி, மருந்து கலந்த வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவை அசையாமல் போயின. வேலை போன மாணவர்களை, இதைப் பார்க்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டாளாம்.

“கடிதம் வந்துச்சுண்ணா. அந்தப் பதினாலு மாசத்தைத்தான் எழுதியிருந்தாங்க.”

“ஏன் பாப்பா அந்தக் கட்டத்தைக் காலியா விட்ட? அம்மாவுக்கு முடியலன்னு ஒரே ஒரு வரி! அதைக்கூட எழுதத் தெரியாதா உனக்கு?”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவள்மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்தது!

அவள் திரும்பவில்லை. “எழுதினேன். அப்புறம் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நான் உன் தங்கச்சின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அம்மா அத்தனை மாசம் படுத்திருந்தாங்கன்னு படிச்சா, அண்ணன்காரன் எங்க போனான்னு கேக்க மாட்டாங்களா? உன் மரியாதை போயிடுமேன்னு விட்டுட்டேன்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. அவள் வலையை உதறிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

“இன்னும் நாப்பது தொட்டி இருக்குண்ணா” என்றாள். “வா, இந்த மூடியைக் கொஞ்சம் பிடி.”

பிடித்தேன்.