சாதுத் தொட்டி

நான் வேலை பார்ப்பது கால் ஊறவைக்கும் தொட்டி செய்கிற கம்பெனியில். கடைசி மேசை என்னுடையது. வெந்நீர் ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, அடியில் ஈரம் தட்டுகிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போட விடுவேன். எனக்கு வாய் நீளம் என்று பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

தொட்டிக்கு அடியில் இருப்பது பன்னிரண்டு வோல்ட் மோட்டார். சுவரிலிருந்து வருகிற பெரிய கரண்ட், கறுப்பு அடாப்டரோடு அடங்கிவிடும். "வேகமே இல்லையே, பெரிய மோட்டார் போட்டா என்ன?" என்று புதிதாகச் சேருகிற அத்தனை பேரும் கேட்பார்கள். மோட்டார் தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைத்திருக்கிற ரப்பர் வளையம் சாகாவரம் வாங்கி வரவில்லை. என்றைக்காவது கசியும். அன்றைக்குத் தண்ணீருக்குள் யாரோ ஒருவருடைய கால் இருக்கும். அந்தக் காலுக்காகத்தான் சின்ன வோல்ட்.

மாமனாருக்குக் கால் வீக்கம் என்று ஒரு தொட்டியை வீட்டுக்கு வாங்கி வந்தேன். அடாப்டர் வைத்த சாமானுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் 'சாது'. சுவரில் நேராகச் செருகுவதெல்லாம் 'முரடு'. சாதுவிடம் எங்கள் வீட்டில் யாருக்கும் பயமில்லை. ஓடும்போதே கையை விட்டுச் சூடு பார்ப்பார்கள்.

போன வாரம் அடாப்டர் கருகிப்போனது. சம்பளம் வந்ததும் வேறு வாங்கிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் இன்று மத்தியானம் கொழுந்தன் கம்பெனிக்கே போன் செய்தான்.

"அண்ணி, சாதுவ சரி பண்ணிட்டேன். அடாப்டரே தேவையில்ல."

"அடாப்டர் இல்லாம எப்படி ஓடும்?"

"பழைய டேபிள் ஃபேன் மோட்டார் சும்மாதானே கெடந்துச்சு, அதப் போட்டுட்டேன். தண்டு கொஞ்சம் பருமன். கத்தியச் சுடவெச்சு ஓட்டையப் பெருசாக்கினேன். நேரா சுவத்துலயே செருகிக்கலாம்."

"பிளக்கைப் பிடுங்கு தம்பி. இப்பவே பிடுங்கு."

"உங்க கம்பெனிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க. நாமளே சரி பண்ணிக்கிட்டா அவங்க பொழப்பு என்னாகும்? அப்பாகிட்டயே கேளுங்க."

மாமனார் வாங்கிப் பேசினார். பின்னால் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

"சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க! தண்ணி மூஞ்சி வரைக்கும் அடிக்குதும்மா."

"மாமா, கால வெளிய எடுங்க. அது சாது இல்ல, முரடு. வெளிய பழைய தொட்டி மாதிரிதான் இருக்கு, உள்ள மோட்டார் வேற."

"ஒண்ணும் ஆகலையேம்மா."

உண்மைதான், இன்னும் ஒன்றும் ஆகவில்லை. என்னைக் கதிகலங்க வைத்ததே அதுதான். ஷாக் அடித்திருந்தால் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். வளையம் கசிகிற வரைக்கும் அந்த மோட்டார் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும்.

"நீ வேலையப் பாரும்மா, மேனேஜர் திட்டப்போறார்" என்று வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வழியெல்லாம் கொழுந்தனைத் திட்டினேன். பாதி வழியில் திட்டுவதற்கும் மூச்சு இல்லை. மாமா நன்றாக இருக்கட்டும், தொட்டியை உடைத்துத் தெருவில் எறிந்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் இரும்பு நாற்காலியில், தொட்டிக்குள் காலை வைத்தபடி, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டதும் அப்படித் தூங்குவது அவர் வழக்கம். தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி, நாற்காலிக் காலைச் சுற்றித் தேங்கியிருந்தது.

தூங்குகிறாரா என்று தொட்டுப் பார்க்க முடியாது. தொட்டால் நானும் போய்விடுவேன். "மாமா" என்று கத்தினேன். காது மந்தமானவர்தான், ஆனால் அவ்வளவு மந்தமில்லை. சுவரோடு ஒட்டி நடந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மோட்டார் முனகிக்கொண்டே நின்றது. அப்புறம்தான் அவர் தோளில் கை வைத்தேன். தலை மறுபக்கம் சாய்ந்தது.

வாசலில் நிழல் தட்டியது. கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்த கொழுந்தன், செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

"எழுப்பாதீங்க அண்ணி" என்றான் மெதுவாக. "இப்பதான் கண்ணசந்தார்."