மாப்பிள்ளை பார்த்த மெஷின்

சிவசுப்பிரமணியனுக்கு அது கல்யாணமாகி வந்த தலை ஆடி. வீரகேரளம்புதூர்க்காரர், சென்னையில் வேலை. தென்காசியில் மாமனார் வீட்டுப் படி ஏறியதிலிருந்து “மாப்பிள்ள உக்காருங்க, மாப்பிள்ள சாப்பிடுங்க” என்று ஒரே உபசாரம். மனைவி சண்முகசுந்தரி வேறு, “அவங்க பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினியர்” என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மனிதர் செய்வது என்னவோ, ஒரு வங்கியின் செயலியில் பொத்தான்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று தட்டிப் பார்ப்பது. கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்ததே கிடையாது. அதைச் சொல்ல வாய் வர வேண்டுமே!

கொழுந்தியாள் அபி அப்படியில்லை. கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாக ஓடவிட்டுக் காட்டும் அனிமேஷன் வேலை அவளுக்கு. கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி அவளே சேர்த்தாள். ப்ராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓவர்கிளாக் செய்து விரட்டிவந்தாள். அது கொதித்துப் போகாமலிருக்க உள்ளே குழாய் வைத்துத் தண்ணீர் சுற்றவிட்டிருந்தாள். அன்று மாலைக்குள் கொச்சியில் ஒரு கம்பெனிக்கு ஒரு படம் போக வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிரந்தர வேலை.

காலையில் மாப்பிள்ளையைக் குற்றாலம் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டித் திரும்பினார்கள். அபி போகவில்லை. வெளியே சாரல் சிலுசிலுத்துக்கொண்டிருக்க, அவளுடைய மெஷின் மட்டும் தொண்ணூற்றைந்து டிகிரியில் கொதித்தது. அணைத்துவிட்டு எழுந்தாள்.

“பம்புல களக்களக்குன்னு கேக்கு. தண்ணி கொறஞ்சு காத்து புகுந்திருக்கு. பேட்டரி கடைல டிஸ்டில்டு வாட்டர் வாங்கிட்டு வந்திருதேன். யாரும் தொட்டுராதீங்க” என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

மாமனார் சிவனணைந்தபெருமாள் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது மகள் கடைக்கு ஓடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

“மாப்பிள்ள, நீங்க ஒரு பார்வை பாத்திருங்க. அவ வாரதுக்குள்ள ஓட விட்டுருவோம்.”

“அபி வந்துரட்டுமே மாமா...”

“அட, ஒங்களுக்குத் தெரியாததா?”

‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் நிலைப்படியில் சண்முகசுந்தரி பெருமை பொங்க நின்றுகொண்டிருந்தாளே! ஸ்குரூ டிரைவரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

குழாய்கள் வந்து சேரும் செப்புக் கட்டியை ப்ராசஸரின் மேலிருந்து கழற்றித் தூக்கினார். அடியில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. “பாருங்க மாமா, எவ்வளவு அழுக்கு! சூடாகாம என்ன செய்யும்?” என்று துண்டால் பளபளவென்று துடைத்தார். சூட்டைச் செம்புக்குக் கடத்துவதற்கென்றே அபி தடவியிருந்த பேஸ்ட் அது. மாமனார் மலைத்துப்போய்த் தலையாட்டினார். திரும்ப மாட்டும்போது கட்டி சரியாக உட்காரவில்லை. இவர் அழுத்தித் திருகியதில் குழாயின் மூட்டு ஒன்று நெகிழ்ந்துபோனது. அதைக் கவனிக்கவும் தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டார். திரையில் சூடு காட்டும் எண் நூறுக்கு எகிறியது. மூட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்துப் போர்டெல்லாம் நனைந்தது. திரை அணைந்தது, கருகல் வாடை வந்தது.

கேனும் கையுமாக உள்ளே வந்த அபி, துண்டில் இருந்த சாம்பல் கறையைப் பார்த்தாள். அத்தான் முகத்தைப் பார்த்தாள்.

“என்னட்டி பாக்க?” என்று அப்பா பாய்ந்தார். “கரண்டு சாமானுக்குள்ள தண்ணிய ஊத்தி வைப்பாளா எவளாவது? மாப்பிள்ளைக்கு ஷாக் அடிச்சிருந்தா என்ன ஆவுறது?”

சிவசுப்பிரமணியன் வாயைத் திறக்கவேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை.

அபி அடுத்த அறைக்குப் போய்க் கொச்சிக்குப் பேசினாள். ஒரு வார்த்தை விடாமல் கூடத்துக்குக் கேட்டது. “மெஷின் போயிட்டு சார்... இல்ல சார், என் தப்புதான்... ரெண்டு நாள் கெடைக்குமா?... சரி சார். வேற ஆளுக்கே குடுத்திருங்க.”

இலை போட்டார்கள். மாமியார் ஆவுடையம்மாள் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். சிவசுப்பிரமணியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சண்முகசுந்தரி இவர் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது. அந்த வெட்கம் தாங்க முடியாமல்தான் கடைசியில் இவர் வாய் திறந்தது.

“மாமா, அபி மேல தப்பே இல்ல. எனக்கு ரிப்பேர் வேலை ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். மெஷினைக் கெடுத்தது நான்தான்.”

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கேட்டியாட்டி அபி? ஒன் தப்பைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிடுதாரு. இந்த மனசு எவனுக்கு வரும்? அத்தான்கிட்ட மன்னிப்பு கேளு.”

“இல்ல மாமா, நெசமாவே...”

“நீங்க சும்மா இருங்க மாப்பிள்ள. ஒங்க பெருந்தன்மை எனக்குத் தெரியாதா?”

அபி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“மன்னிச்சிருங்க அத்தான்” என்றாள்.

மாமியார் அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.