தாண் கோத்திரத்துக் குழி

குருவம்மாள் உயிர் விட்டபோது நன்றாக விடிந்திருந்தது. மூச்சு நின்றது தெரிந்த பிறகும் புருசன் பால்சாமி அவள் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை. இருமல் வரும்போதெல்லாம் தடவித் தடவிக் கைக்குப் பழகிப்போன வேலை, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த மகள் மாரீஸ்வரி வந்து, "எம்மா"வென்று வாசலிலேயே விழுந்தபோதுதான் கையை எடுத்தான்.

அழுகை வரவில்லை. மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இவளை எங்கே புதைப்பது?

மற்ற வீட்டில் இது ஒரு கேள்வியே இல்லை. பால்சாமியின் பங்காளிகள் செத்தவரை எரிக்கிற வழக்கம் உள்ளவர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு இருக்கிறது. ஆனால் குருவம்மாள் நெருப்புக்குப் பயந்தவள்.

திருச்சுழிக் காட்டில் வேலிக்கருவை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, கரிமூட்டம் போட்டே புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பாதி ஆயுசு போயிற்று. மூட்டத்தில் நெருப்பு வெளியே தெரியாது. உள்ளேயே கிடந்து வேகும். எங்காவது மண் விரிந்து புகை கசிந்தால் ஓடிப்போய் ஈரமண் அப்ப வேண்டும், விட்டால் கட்டை அத்தனையும் சாம்பல்தான். அப்படி அப்பப் போன இடத்தில் மேல்மண் உள்வாங்கி, குருவம்மாளின் தங்கச்சி இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டாள். இழுத்துப் போட்டவள் குருவம்மாள். தங்கச்சி பிழைக்கவில்லை. இவளுக்கு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெந்து, வற்றிய கண்மாய்த் தரைமாதிரி ஆகிப்போனது. அன்றிலிருந்து ஒரே பேச்சு.

"நான் செத்தா என்னைய எரிச்சிராதீக. அந்தச் சத்தத்த நான் கேட்டவ."

ஜெப வீட்டுக்காரர்கள் செத்தவரைப் புதைக்கிறார்கள் என்று தெரிந்துதான் அவள் அங்கே போக ஆரம்பித்தாள். ஊர் என்னென்னவோ சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பால்சாமி அவளுக்குத் துணையாகப் போனான். போன இடத்தில், தலை நரைத்த பிறகு, எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

ஜெப வீடு என்பது அருப்புக்கோட்டை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. பாஸ்டர் மதன்குமார் சின்ன வயசு, நல்ல பிள்ளை. போன வருசம் அவர் ஒரு காரியம் செய்தார். யாக்கோபுக்குப் பன்னிரண்டு மகன்கள், அவர்கள் வழியாகப் பன்னிரண்டு கோத்திரம், விசுவாசிக்கிற நாம்தான் இப்போது அந்த இஸ்ரவேல் என்று பாடம் நடத்தினார். அது மனசில் நிற்கட்டுமென்று, சீட்டுக் குலுக்கிப் போட்டு, சபையிலிருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கோத்திரம் பிரித்துக் கொடுத்தார். சுவரில் ஒரு ஃபிளெக்ஸும் அடித்து மாட்டினார். யூதாவுக்குச் சிங்கம், பென்யமீனுக்கு ஓநாய், தாணுக்குப் பாம்பு. யூதா மளிகைக்கடை சின்னத்துரை அண்ணாச்சிக்கு விழுந்தது. தாண் சீட்டைக் குருவம்மாள் எடுத்தாள்.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. "சிங்கம் அண்ணாச்சி, புளி இருக்கா?" என்று பால்சாமி கடைவாசலில் நின்று கேட்பான். "பாம்புக்கு எதுக்குய்யா புளி? பால் வேணும்னா ஊத்துறேன், வா" என்பார் அவர்.

பாஸ்டருக்கு அது ஒரு பாடம். நம் சனங்களுக்கு அப்படியா? எவன் எங்கே உட்காருவது, எவன் வீட்டில் பெண் எடுப்பது, எவனை எந்த இடத்தில் எரிப்பது என்று எல்லாமே வகையறாவை வைத்து முடிவாகிற மண் இது. அந்த வகையறாவை விட்டு வந்தவர்கள் கையில் புதுசாக ஒன்றைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? யூதா வீடு, ரூபன் வீடு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சிமியோன் வீட்டுக்காரன் ஒருநாள் பாஸ்டரிடம் வந்து, "லேவி வீட்டுல எம் பையனுக்குப் பொண்ணு கேக்கலாமாய்யா? ரெண்டு பேரும் ஒரே தாய் வயித்துல பொறந்தவுகளாச்சே, தங்கச்சி மொறை வருமே?" என்று கேட்டான். பாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் அண்ணாச்சியின் மகள் சுபத்ராவைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அவர் தன் புஞ்சையில் ஒரு துண்டைச் சபைக்கு எழுதிக்கொடுத்து, மகளை அங்கே அடக்கம் பண்ணினார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பாளையம் இறங்கிய வரிசைப்படி பாஸ்டர் அந்த இடத்தைப் பிரித்துக் கல் ஊன்றி, சுற்றிலும் கம்பிவேலி போட்டார். கிழக்கே யூதா, வடக்கு ஓரம் தாண். குருவம்மாள் ஒருநாள் இருமிக்கொண்டே அங்கே நடந்துபோய், வடக்கு ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கல்யாணப் பந்தியில் இடம் பிடித்தவள் மாதிரி முகம்.

"நல்ல எடம்யா. காத்து வருது" என்றாள்.

பங்குனியில் ஒரு பெரிய ஊழியர் வெளியூரிலிருந்து பிரசங்கம் பண்ண வந்தார். கடைசிக்காலத் தீர்க்கதரிசனக் கூட்டம் என்று ரோட்டில் தோரணம் கட்டினார்கள். வேதத்தின் கடைசிப் பகுதியில், உலகம் அழியுமுன் தேவதூதன் கோத்திரம் கோத்திரமாக, காப்பாற்ற வேண்டியவர்களின் நெற்றியில் முத்திரை போடுகிற இடத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அந்தந்த வீட்டார் "ஆமென்" என்று கத்தினார்கள். யோசேப்பு, பென்யமீன் என்று முடித்துவிட்டு மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

"யாரக் காணோம்? தாணைக் காணோம்! ஏன் காணோம்? விக்கிரகத்த வச்சுக் கும்பிட்ட கோத்திரம். வழியில கெடக்கிற விரியன்னு பெத்த தகப்பனே சொன்ன கோத்திரம். கடைசிக் காலத்துல கிறிஸ்துவுக்கு எதிரா எழும்புற அந்திக்கிறிஸ்து எங்கருந்து வருவான்? அங்கருந்துதான் வருவான்!"

பாம்புப் படத்துக்குக் கீழே ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பது பாவம் அவருக்குத் தெரியாது. சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி மட்டும் பார்க்கவில்லை. விரியன் என்ற சொல்லில் குனிந்தவர், கூட்டம் முடிகிறவரைக்கும் நிமிரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. ரூபன் வீட்டுச் சங்கரம்மாள் குழாயடியில் வைத்துக் கேட்டாள். "ஏன் குருவம்மா, அந்த அந்திக்கிறிஸ்து ஒங்க வீட்டுலதான் வந்து எறங்குவானாம்ல? வந்தா ஒரு வார்த்த சொல்லு."

"வந்தா ஒன் வீட்டுக்குத்தான் அனுப்புவேன் சங்கரம்மா. எங்க வீட்டுக் கஞ்சி அவனுக்குக் காணாது."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவைத்ததும் புருசனிடம் கேட்டாள். "கோத்திரம் போனாப் போகட்டும்யா. அந்த எடத்த இல்லேன்னுருவாகளோ?"

"சேச்சே, அதெல்லாம் சொல்ல மாட்டாக."

சொன்னார்கள். அவள் உயிர் போன இந்தக் காலையில் பால்சாமி கடைக்குப் போய் நின்றபோது அண்ணாச்சி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஒம் பொண்டாட்டி நல்லவ பால்சாமி. நான் இல்லேங்கல. பொட்டி, பூமால, வண்டி, எல்லாம் நான் பாத்துக்கிறேன். ஆனா அந்த எடம் வேணாம்."

"அது சீட்டுல விழுந்த பேரு அண்ணாச்சி. அவ பொறந்தது பந்தல்குடிப் பக்கம். அவளுக்கு எங்கருந்து தாணு?"

"சீட்ட எடுத்தது யாரு? அவ கைதான? கர்த்தர் எடுக்க வைக்காம கை தானா எடுக்குமா?" அவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எம் மக அங்க கெடக்காய்யா. முத்திரை போட வார தூதன், ஒரு தாண் உள்ள இருக்கான்னு அந்த எடத்துல காலே வைக்காமப் போயிட்டான்னா? நான் யார்ட்டப் போயிக் கேப்பேன்?"

பால்சாமிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனுசன் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடியதை இவன் கண்ணால் பார்த்தவன்.

பாஸ்டர் ஜெப வீட்டில் தனியாக இருந்தார். பால்சாமியைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பட்டியல்ல தாணுக்குப் பதிலா மனாசே இருக்குண்ணே. ஒங்கள மனாசேன்னு மாத்திருவோம்னு அண்ணாச்சிட்டச் சொல்லிப் பாத்தேன். பேர மாத்துனா பொறப்பு மாறுமான்னு கேக்குறாரு."

"நீங்கதானய்யா பேரு வச்சீக?"

பாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேதத்துலயே இன்னொரு எடம் இருக்குண்ணே. ஒரு தீர்க்கதரிசி கடைசியில தேசத்தப் பங்கு பிரிக்கிறாரு. வடக்கே மொதப் பங்கே தாணுக்குத்தான். தள்ளிப்போடல."

"இது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீக?"

"அவரு பெரிய ஊழியர்ணே. மேடையில எதுத்துப் பேசுனா சபை ஒடைஞ்சிரும்னு பயந்துட்டேன்."

"இப்பச் சொல்லலாம்ல?"

தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. "வேலிக்கு வெளிய, அதே வடக்கு ஓரம், ஓடைப் புறம்போக்கு கெடக்குண்ணே. அங்கன்னா யாரும் தடுக்க மாட்டாக. நான் வந்து ஜெபிக்கிறேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால், தம்பி இருளப்பசாமி பங்காளிகளோடு வந்து பாடை கட்டிக்கொண்டிருந்தான். யார் எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

"ஒன் புதுச் சாமி குழிக்கு எடம் தரலையாம்ல? போகட்டும். நெத்தியில துன்னூறப் பூசு. மதினிய நாங்க தூக்குறோம். பொழுதோட எரிச்சுப்புட்டு வந்துருவோம்."

"எரிக்க வேணாம்லே."

"பெறகு? கோடாங்கியக் கூப்பிட்டு மாயமா மறைய வைக்கவா?"

மாரீஸ்வரி அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள். "அப்பா, வெயிலு ஏறுது. ஏதாச்சும் ஒண்ணச் செய்யிங்கப்பா. அம்மா மொகம் மாறுது."

பால்சாமி குனிந்து பார்த்தான். ஈ மொய்த்தது. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து வலது கை வெளியே கிடந்தது, அந்த வெந்த கை. அதை எடுத்து உள்ளே வைத்து மூடினான். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையையும் மம்பட்டியையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்கண்ணே போற?"

"ஓடைக்கு."

"அநாதப் பொணம் மாதிரி ஓடைக்கரையிலயா? அதுக்கு நீ அவள எரிச்சே தொலைக்கலாம்!" இருளப்பசாமி பாடைக்கு வைத்திருந்த மூங்கிலை முற்றத்தில் வீசி எறிந்தான்.

கரிசல் மண் சித்திரையில் இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்ட இடத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. வேலிக்கருவை வேர் குறுக்கே ஓடியது. ஆயுசெல்லாம் எந்த மரத்தை வெட்டினானோ, அதன் வேரையே இப்போதும் வெட்டினான். தொடை ஆழம் போனபோது மேலே நிழல் விழுந்தது. இருளப்பசாமி மம்பட்டியோடு நின்றான்.

"எரிக்கிறதப் பத்திப் பேச வரல. ஏறு மேல. ஒரு ஆளு வெட்டுற மண்ணா இது?" என்று சொல்லிவிட்டு உள்ளே குதித்தான். இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினார்கள்.

பொழுது சாய்கிறபோது கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணாச்சி அனுப்பிய பெட்டியைப் பால்சாமி வேண்டாமென்று சொல்லவில்லை. சபை ஆட்கள் வேலிக்கு உள்ளே, சுபத்ராவின் குழியைச் சுற்றி, அதைக் காவல் காக்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். சங்கரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாஸ்டரும் உள்ளேதான் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். முடித்ததும் கம்பி வழியாகவே மெதுவாகச் சொன்னார்.

"கடைசி எக்காளம் ஊதிச் செத்தவங்க எந்திரிக்கிற அன்னைக்கு வேலிக்கு உள்ள, வெளியன்னு எதுவும் கெடையாதுண்ணே. அவங்களும் எந்திரிப்பாங்க."

பால்சாமி மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னான்.

"எந்திரிக்கணும்னு அவ ஒருநாளும் கேக்கலய்யா. எரிக்காதீகன்னுதான் கேட்டா."

எல்லாரும் போன பிறகும் அவன் அங்கேயே இருந்தான். ஓடைக்குள் தேங்கிக் கிடந்த கொஞ்சம் தண்ணீரில் மண்ணைக் குழைத்து, குழிமேட்டில் விரிசல் தெரிந்த இடமெல்லாம் அப்பினான். மூட்டத்துக்கு அப்புகிற அதே கை, அதே வேகம். அப்பிவிட்டு, பழக்கதோசத்தில், எங்காவது புகை கசிகிறதா என்று ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான்.