தவளைக்குப் புதுக் கண்

கண் மருத்துவர் என் கண்ணைத்தான் சோதித்தார். என் காரின் கண்ணை அவர் பார்க்கவேயில்லை. அப்படியிருக்க, பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று எந்தத் தைரியத்தில் சொன்னாரோ, அவர் அறையை விட்டு வெளியே வரும்போதே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் குறைந்தால் என் ஓரப் பார்வை மங்கிவிடுகிறதாம். அது இனித் திரும்பாதாம். நடுப்பார்வை மட்டும் இன்னும் நன்றாகவே இருக்கிறதாம். நான் மருந்துக்கடை வைத்திருப்பவள். கெட்ட சேதியை எப்படிப் பதமாகச் சொல்வது என்று அவருக்கு நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வீடு என்றால் நானும் கணவரும்தான்.

தவளை என்பது என் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது அதை என்ன நிறம் என்று சொல்வதென்று எனக்கே தெரியாது. பகலில் அதன் முகப்பு விளக்குகள் மூடிக்குள் படுத்திருக்கும். சுவிட்சைத் திருகினால் இரண்டு மூடிகளும் மெல்ல எழும்பி, விளக்குகள் முழித்துப் பார்க்கும். இடது மூடி எப்போதும் கொஞ்சம் தாமதம்தான். அதைப் பார்த்துத் தவளை என்று பெயர் வைத்தவள் என் நாத்தனார்.

தினமும் கடையைப் பூட்டியதும் நான் நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்று போய்விட்டுத்தான் வருவேன். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மரங்கள். பகலெல்லாம் அடுத்தவர்களின் இருமலையும் வயிற்றுவலியையும் கேட்டுக் கனத்துப்போன தலை, இரண்டாவது வளைவு திரும்பும்போது லேசாகிவிடும். தண்ணீரில் கடைசி வெளிச்சம் கிடக்கும். சாலை தானாக வண்டிக்கு அடியில் வந்து நுழைந்துகொண்டே இருக்கும். நான் ஓட்டுகிறேனா, யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறார்களா என்று தெரியாத ஒரு நிலை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சுற்றுதான். அதைத்தான் மருத்துவர் பிடுங்கப் பார்த்தார்.

அதனால் கணவரிடம் வேறு மாதிரி சொன்னேன்.

"ஏங்க, தவளைக்கு வெளிச்சமே பத்தல. ரோடு தெரிய மாட்டேங்குது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் நாடக அரங்கில் விளக்கு போடுபவர். தெருவில் எல்லோருக்கும் அவர் விளக்குக்காரர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். ஆனால் எங்கே எந்த விளக்கு அழுது வடிந்தாலும் அவருக்குக் கை அரிக்கும்.

"எத்தனை வருஷமா சொல்றேன். நீதான் தவளையத் தொடவே விடமாட்டேன்ன."

"இப்ப விடறேன்ல. பண்ணுங்க."

வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகையில் வேலை தொடங்கியது. பழைய விளக்குகளைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கண்ணாடி மஞ்சளாகியிருந்தது. உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டிய வெள்ளிப்பூச்சு உரிந்து, கருத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர்கூட நின்றது.

"இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் ஓட்டின?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. குற்றவாளி கையும் களவுமாக மேசை மேல் கிடக்கிறான். பாவம், அந்த மருத்துவருக்கு ஆள் மாறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய வயர்களையும் அவர் விடவில்லை. "பாட்டரியிலேருந்து கிளம்புற கரண்டு, சுவிட்சு வரைக்கும் போய்ச் சுத்திட்டு லைட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி களைச்சுப் போயிடுது" என்றார். புதிதாகத் தடித்த வயர் இழுத்தார். கரண்டு நேராக விளக்குக்குப் போக நடுவில் ஒரு சின்ன ரிலே டப்பா வைத்தார். புது எல்.இ.டி. விளக்குகள் பழைய பள்ளத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்தன. எதையும் வெட்டாமல், ஒட்டாமல், வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்கிற மாதிரி செய்தார். என் மேல் அவருக்கு அவ்வளவு பயம்.

நடுவில் நாத்தனார் வந்தாள். கூப்பிடாமலே மூக்கில் வியர்த்துவிடும் அவளுக்கு. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். சீருடையோடே வந்து தவளையின் கூரையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, புது லைட்டு போட்ட பிறகாவது ஒரு ரவுண்டு குடுப்பீங்களா?"

"உனக்குத்தான் அவ்வளவு பெரிய பஸ்ஸு இருக்கே."

"அதுல ஊரே பின்னாடி உக்காந்து என்னைத் திட்டுது அண்ணி. ஒரே ஒருத்தர் திட்டுற வண்டிய ஓட்டணும்னு ஆசையா இருக்கு."

"அதுக்கு உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்தா போதும். என் வண்டி எதுக்கு?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இந்தப் பேச்சு கார் வாங்கிய நாளிலிருந்து நடக்கிறது. அவள் கேட்பாள், நான் கொடுக்க மாட்டேன். அதில் இருவருக்கும் ஒரு சுகம் இருந்தது.

விளக்கைப் பொருத்தினால் மட்டும் போதாது, சுவரில் பாய்ச்சிக் குறி பார்க்க வேண்டும் என்றார் விளக்குக்காரர். ஒளியின் மேல் விளிம்பு ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழும், ஒளியும் சாயும். அதனால் நான் இருக்கையில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

"என் எடைய வெளிய சொல்லிடாதீங்க."

"சுவரே சொல்லிடும்" என்றார்.

மத்தியானம். கொட்டகைக் கதவை இழுத்து மூடி, ஜன்னலில் அரங்கத்திலிருந்து கொண்டுவந்த கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார். வெளியே பட்டப்பகல். உள்ளே கும்மிருட்டு. நான் சுவிட்சைத் திருகினேன். மூடிகள் எழும்பும் ஓசை, அந்தப் பழக்கமான முனகல் கேட்டது. பிறகு எதிர்ச் சுவர் முழுக்க விடிந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. சுவரில் சுண்ணாம்பு அடித்தவன் தூரிகையை இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. ஒளியில் தூசி மேலும் கீழும் அவசரமே இல்லாமல் மிதந்தது. அவர் அதற்குள் நடந்தார், சுவரில் அவர் நிழல் கூரை வரை எழும்பிக் குனிந்தது. அந்தத் தூசியைப் பார்த்தபடி நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. கார் நிற்கவில்லை, சுவர்தான் மெல்ல என்னை நோக்கி வருகிறது என்று தோன்றியது. வரட்டும் என்றிருந்தது. இனி இரவெல்லாம்கூட ஓட்டலாம் என்று நினைத்தேன்.

அவர் கறுப்பு டேப்பைக் கிழித்துக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். நேர் எதிரே நீளமாக ஒன்று. அதற்கு மேலே குறுக்காக ஒன்று. பிறகு என் பார்வையை விட்டு விலகி ஓரமாகப் போனார்.

"நடுக்கோடு தெரியுதா?"

"தெரியுது."

"மேல்கோடு?"

"அதுவும் தெரியுது."

"இடது ஓரத்துக் கோடு?"

"தெரியுதுங்க. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அப்புறம் அந்த ஓரத்திலிருந்து டேப் சுருளிலிருந்து பிரியும் சத்தம் கிர்ரென்று கேட்டது. இடது ஓரத்துக் கோட்டை அவர் அப்போதுதான் ஒட்டினார்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விளக்கின் திருகாணியைத் திருப்பிக்கொண்டேயிருந்தார், ஏற்கெனவே சரியாக இருந்ததைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். கதவைத் திறந்தபோது வெயில் உள்ளே விழுந்து, சுவரிலிருந்த வெளிச்சம் போன இடம் தெரியவில்லை.

"சாயங்காலம் ஓட்டிப் பார்ப்போம்" என்றேன்.

"நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"இன்னைக்குத்தான்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

ஏரிக்கரை அன்று போல் என்றும் இருந்ததில்லை. தண்ணீர் கருநீலமாகி, அதன் மேல் மெல்லிய புகை படர்ந்திருந்தது. விளக்கு பட்ட இடமெல்லாம் புதிதாகப் பிறந்தது. மரத்தின் பட்டை, பட்டையில் ஏறும் கொடி, சாலை நடுவில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடு. நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபத்தை மறந்தேன். சாலை அதன் பாட்டுக்கு வந்தது. இரண்டாவது வளைவில் தலை லேசானது.

அவர்தான் வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டே வந்தார். காரில் ஏறினால் தூங்கிவிடுகிற மனிதர்.

"அதோ வலது பக்கம் ஒருத்தர் நாயைக் கூட்டிட்டுப் போறாரு பாரு. நல்ல நாய்."

"ம்."

"இடது பக்கம் சைக்கிள்ல ரெண்டு பசங்க. சட்டையில பட்டனே போடல."

"ம்."

"அங்க ஒரு கல்லு கிடக்கு. யாரு போட்டாங்களோ."

அரங்கில் அடுத்து எந்த விளக்கு என்று உதவியாளுக்குக் காதோடு சொல்லும் அதே குரல். நாயையும் நான் பார்க்கவில்லை, பையன்களையும் பார்க்கவில்லை. அவர் சொன்ன பிறகு தலையைத் திருப்பினால் ஒரு அசைவு மட்டும் கடந்து போனது. இந்த மனிதர் இன்று எனக்காக ஒரு கண்ணை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது. ஆனாலும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவு.

அந்த வளைவில் தண்ணீரிலிருந்து ஏதோ பறவை எழும்பியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். மறுபடி சாலையைப் பார்த்தவர், "ஏய், நிறுத்து நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். தவளை குலுங்கி நின்றது. எனக்கு முன்னால் சாலை வெறுமையாக, வெள்ளையாகக் கிடந்தது. எதற்கு நிறுத்தச் சொன்னார் என்றே தெரியவில்லை. அவர் இறங்கிப் பின்பக்கம் ஓடினார். நானும் இறங்கினேன். நாங்கள் தாண்டி வந்த இடத்தில், சாலைக்குக் கீழே சரிவில், மூட்டை கட்டிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கை நீட்டினால் தொட்டிருக்கக்கூடிய தூரத்தில் அவளைக் கடந்து வந்திருக்கிறேன்.

"அடி பட்டுச்சாம்மா?" என்றார் அவர்.

"இல்லீங்க. நான்தான் முன்னாடியே கீழ இறங்கிட்டேனே." அவள் மூட்டையைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்தாள். "நல்ல லைட்டும்மா உங்க வண்டில. தூரத்துல வரும்போதே பார்த்துட்டேன். இல்லைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்."

அவள் சைக்கிளை மேலே ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அவளைக் காப்பாற்றியது அவள் கண்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

"டாக்டர்கிட்ட எப்ப போன?" என்று கேட்டார்.

"போன மாசம்."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

"நான் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிக் குடுக்கலாம்னு நெனச்சேன்" என்றார். "ஓரத்துக்குத் தனியா ரெண்டு லைட்டு வச்சா..."

"வேணாங்க. லைட்டு நல்லாத்தான் இருக்கு."

அழுதேன். நடு ரோட்டில், என் கார் அந்தப் பக்கம் பார்த்து முழித்துக்கொண்டிருக்க, குழந்தை மாதிரி அழுதேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "உங்க தங்கச்சியக் கூப்பிடுங்க" என்றேன்.

நாத்தனார் ஒரு பேருந்தில் வந்தாள். நிறுத்தமே இல்லாத இடத்தில் அவளுக்காக அது நின்றது. அதை ஓட்டி வந்தவன் அவளோடு வேலை செய்பவனாம். இறங்கியதும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். சாவியை அவள் கையில் வைத்தேன். இத்தனை காலம் கேட்டுக் கேட்டு வாங்க முடியாததை, கேட்காத நேரத்தில் வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அண்ணி, இப்படி வேணாம்."

"ஏறுடி. உங்க அண்ணனோட வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வா. லைட்டு எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும்."

அவள் குள்ளம். என் இருக்கையை முன்னால் இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்கு வலித்தது. தவளை போய் வளைவில் மறைந்தது. இருட்டு என்னைச் சுற்றி வந்து நின்றுகொண்டது, ஏரி எங்கே, மரம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தூரத்தில் இரண்டு வெளிச்சம் பிறந்தது. நேர் எதிரே. இத்தனை வருடத்தில் என் கார் என்னை நோக்கி வருவதை நான் பார்த்ததேயில்லை. அசையாமல், கண்ணைக் கூசவைக்காமல், ஒரு கனவு நடந்து வருவது போல வந்தது. என்ன அழகு அது. வேறு யாருடைய காராகவோ இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பேன்.

என் அருகில் வந்து நின்றது. விளக்குக்காரர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ உக்காரு. நான் நடந்து வந்துடுறேன். காத்து நல்லா இருக்கு."

உட்கார்ந்தேன். அவருடைய இருக்கை இன்னும் சூடாக இருந்தது. நாத்தனார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பேருந்து ஓட்டுகிறவள், பரீட்சைக்கு உட்கார்ந்தவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போகட்டும் அண்ணி? நேரா வீட்டுக்கா, ஏரியைச் சுத்திக்கிட்டா?"

"ஓட்டுறது நீ" என்றேன். "நீயே சொல்லு."