லீவு கேட்ட அங்கி

மாநில உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி ஓய்வு பெற்ற அன்று மாலை, அவருடைய கறுப்பு அங்கி கொக்கியிலிருந்து இறங்கி, படிக்கட்டு வழியாக நடந்து வந்து, காரின் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வீட்டில் நீதிபதியின் மனைவி பெட்டி கட்டி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். கல்யாணமான புதிதில் கடல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த மனுஷன், ஒவ்வொரு விடுமுறையிலும் தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிடுவார். இப்போதாவது கிளம்பலாம் என்று பார்த்தால், வாசலில் இரண்டு பேராக வந்து நிற்கிறார்கள். கடல் இருந்தது பக்கத்து மாநிலத்தில். நீதிமன்றச் சொத்தை யாரும் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அங்கியோ அவரை விடுவதாக இல்லை. குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே காத்து நின்றது. ஆக, அவரால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. “இத்தனை வருஷமா இந்தச் சக்களத்தியோடதான் குடித்தனம் பண்ணீங்க. இனிமேலுமா?” என்று கேட்டுவிட்டு, மனைவி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அந்த மாநிலத்தில் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறை பழையது. வக்கீல்களும் பொதுமக்களும் சேர்ந்த குழு ஒன்று மூன்று பெயர்களை ஆளுநருக்கு அனுப்பும். அவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்த இருக்கைக்கு உரிய அங்கியைப் போட்டுக்கொண்டு எடுத்தால்தான் பதவிப் பிரமாணம் செல்லும். ஆளுநர் முதலில் தேர்ந்தெடுத்தது, யாரும் ஆச்சரியப்படாதபடி, தன் மச்சானை. மச்சான் புகைப்படக்காரர்களோடு ஓய்வுபெற்றவர் வீட்டுக்கு வந்தார். அங்கி கைகளைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்து வந்த சட்டக் கல்லூரி முதல்வர் அங்கியின் கடமைகளைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினார். அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மிச்சமிருந்த ஆறு நீதிபதிகளும் எல்லா வழக்கிலும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். வழக்குகள் அந்தரத்தில் தொங்கின. பொறுத்துப் பார்த்து, அங்கி உடனே திரும்ப வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. கோர்ட் அமீனா வந்து உத்தரவை உரக்கப் படித்தார். அங்கி மரியாதையாகக் கேட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது பெயர் ஒரு மாவட்ட நீதிபதியுடையது. எண்ணிக்கை குறையக் கூடாதே என்று சேர்த்த பெயர். இரண்டு தரப்பும் எதிரில் இல்லாமல் வாயே திறக்க மாட்டார். சொந்தப் பிள்ளைகளில் ஒருவன் வந்து புகார் சொன்னாலும் மற்றவன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பார். அதனால் ஊரில் அவருக்கு எதிர்த்தரப்பம்மா என்றே பெயர். அவர் வந்து அங்கியைத் தொடக்கூட இல்லை. “இதுக்கு நோட்டீஸ் கொடுத்தாங்களா?” என்று கூட வந்த குழுத்தலைவரிடம் கேட்டார்.

“அங்கிக்கு எதுக்கு மேடம் நோட்டீஸ்?”

“கோர்ட்ல உத்தரவு போட்டிருக்காங்கல்ல? அப்போ அது தரப்பைக் கேட்டிருக்கணும்ல?”

ஊருக்கெல்லாம் இரு தரப்பையும் கேட்கச் சொல்லும் கோர்ட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை. குழுத்தலைவர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி விசாரணை ஆரம்பமானது. ஆமாம் என்றால் வலது கை, இல்லை என்றால் இடது கை. வந்தவர்களைப் பிடிக்காததால்தானா இந்தப் பிடிவாதம்? இடது கை. பழையவரே மறுபடி கோர்ட்டுக்கு வர வேண்டுமா? இடது கை, படு வேகமாக. இடையில் ஓய்வுபெற்றவர் கருத்துச் சொல்ல வாயெடுத்தார். எதிர்த்தரப்பம்மா அவரை உட்காரச் சொன்னார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, நீங்களும் ஒரு தரப்புதான், கேளுங்கள் என்றார். அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. மனைவி அங்கியை மேலும் கீழும் பார்த்தார். கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் இதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது ஞாபகம் வந்தது.

“ஏண்டி, உனக்கும் லீவு வேணுமா?”

வலது கை சீலிங் ஃபேனில் இடிக்கிற உயரத்துக்குப் போனது.

எதிர்த்தரப்பம்மா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். சொத்தை எடுத்துக்கொண்டு போகத்தான் தடை. டிக்கெட் வாங்கித் தானே போனால் அது பயணி. ரயிலில் தங்கள் நடுவில் உட்காரக் கூடாது என்று மனைவி ஒரு நிபந்தனை போட்டார், அதுவும் ஏற்கப்பட்டது. அங்கி எழுந்து போய் எதிர்த்தரப்பம்மாவின் தோளில் ஒருமுறை படிந்து, அளவு பார்த்துவிட்டு இறங்கியது. தகவல் தெரிந்து வந்து சேர்ந்த ஆளுநர் டீ டம்ளரை நகர்த்திவிட்டு அதே மேசையில் கையெழுத்துப் போட்டார். பதவியேற்பு லீவு முடிந்த பிறகு என்று முடிவானது.

கடலில் மூவரும் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நீதிபதி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலைக்குப் பயந்து ஓடினார். அவர் மனைவி முழங்கால்வரை நனைந்து, வயிறு வலிக்கச் சிரித்தார். அங்கி காற்றில் உப்பிக்கொண்டு கரை நெடுக ஓடியது. ஐஸ்கிரீம் விற்றவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கணவனும் மனைவியும் அங்கேயே ஒரு வீடு பார்த்துவிட்டார்கள். லீவு முடிந்து அங்கி மட்டும் ரயில் ஏறியது. நீதிபதி தண்ணீர் பாட்டில் வாங்கும் சாக்கில் நகர்ந்துவிட்டார். அங்கி ஜன்னல் வழியாக மனைவியின் தோளைத்தான் பிடித்தது. அவர் அதன் காலரில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி, மேல் பட்டனைப் போட்டுவிட்டார்.

“பார்த்துப் போ. அந்தம்மா உன்னை அலமாரியில வச்சுப் பூட்டினா, யார்கிட்டயும் கேக்காதே. நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு.”

வண்டி நகர்ந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்து அங்கியின் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் கிடக்கும் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னார்.