இருட்டில் அழுத்திய பட்டன்

பதினேழு நாட்களாக என் அண்ணன் ஆம்ப்ரோஸ், எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவின் சவுண்ட் மிக்ஸரைத் தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். செய்தது நான். 1998இல் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்து பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலை இல்லாமல் காக்ஸ் டவுன் வீட்டில் இருந்தபோது, சமையலறை மேசையில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தது.

அதில் திருகும் குமிழ் கிடையாது. ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு பட்டன்கள். மேல் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சத்தம் ஒரு படி கூடும். கீழ் பட்டன் ஒரு படி குறைக்கும். எந்தப் படியில் இருக்கிறது என்பதை உள்ளே ஒரு சிப் நினைவில் வைத்திருக்கும்; வெளியே சின்ன விளக்குகள் காட்டும். பழைய மிக்ஸரின் குமிழ்கள் தூசி ஏறிக் கரகரத்ததால், குழுவை நடத்தும் மௌரீன் ஆன்ட்டிக்கு இது பிடித்துவிட்டது.

"ஆம்ப்ரோஸ், உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா."

அண்ணன் சிரித்தான். நான் பக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கேட்டேன். "ஏண்ணா நான் செஞ்சேன்னு சொல்லல?"

"நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? யாராவது பேசுனா தரையப் பாக்குற. சரி, மாதா திருவிழா அன்னிக்கு அனந்தபத்மநாபன் சார் வர்றாரு. அவர்கிட்ட நானே சொல்றேன். ப்ராமிஸ்."

அனந்தபத்மநாபனுக்கு எஸ்.பி. ரோட்டில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் கடை இருந்தது. மிக்ஸரைச் செய்தவருக்குத் தன்னிடம் வேலை உண்டு என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

இடையில் அண்ணன் ஒரு மாற்றம் கேட்டான். கரண்ட் போய் வந்தால் சத்தம் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் மொதல்லருந்து அமுக்கணுமான்னு எல்லாரும் ஓட்டுறாங்க. பழைய சத்தமே வரணும்."

"அது சரிப்படாதுண்ணா."

"செஞ்சு குடு பிரிஜி. என் மானம் போகுது."

சிப்புக்கு மட்டும் சின்ன பாட்டரி வைத்தேன். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விளக்குகளை அதில் சேர்க்கவில்லை.

"கரண்ட் இல்லாதப்ப யாரும் பட்டனத் தொடக் கூடாது. வெளக்கு அணைஞ்சிருந்தாலும் சிப் எண்ணிக்கிட்டேதான் இருக்கும். எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ," என்றான், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

திருவிழா மாலை கோயில் நிறைந்திருந்தது. நான் பாடகர் வரிசையில் ஓரமாக நின்றேன். இரண்டடி தள்ளி மிக்ஸர். அனந்தபத்மநாபன் குனிந்து அதைப் பார்த்தார்.

"பரவாகில்லப்பா!" என்று கன்னடம் கலந்து மெச்சினார். "நீதான் செஞ்சதா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "ஆமா சார்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. நான் பாடினேன்.

இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. மைக் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணனின் விரல் தெரிந்தது. அனந்தபத்மநாபன் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் சும்மா நிற்க முடியவில்லை. ஒவ்வொரு மைக்கின் மேல் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணா, தொடாத!" என்றேன். பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. எல்லா மைக்குகளும் முழுச் சத்தத்தில் ஒன்றாக வீறிட்டன. குழந்தைகள் அலறின. ஒரு ஸ்பீக்கர் படீரென்று அடங்கி, கருகிய வாசனை வந்தது. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

"ஆம்ப்ரோஸ்! என்னத்தடா செஞ்சு வெச்சிருக்க?" என்று மௌரீன் ஆன்ட்டி கத்தினார்.

அனந்தபத்மநாபன் காதிலிருந்து கையை எடுத்தார். "கரண்ட் வந்தா சவுண்ட் ஜீரோவிலேந்து வரணும். இதுகூடத் தெரியாம எவன் டிசைன் பண்ணான்?"

கோயில் முழுவதும் எங்களைத்தான் பார்த்தது. அண்ணன் திரும்பி, வரிசையில் என்னைத் தேடி, கை நீட்டினான்.

"பிரிஜெட் செஞ்சது சார். முழுக்க முழுக்க அவதான் செஞ்சா. நான் ஒரு ஒயரக்கூடத் தொடல."